பதினேழு பேர்

ஹெட்விக் வாயை மூடிக்கொண்டு படியேறி வந்ததுதான் ரோஸ்விதாவுக்கு முதலில் உறுத்தியது. தங்கை சரியான வாயாடி. ஜெர்மனியின் ட்ரியர் நகரத்தின் ஒவ்வொரு ரோமானியக் கல்லையும் காலையிலிருந்து கேலி செய்துகொண்டே கூட்டத்தோடு சுற்றியவள், பாழடைந்த குளியல் மாளிகையின் சுரங்கவழியை விட்டு வெளியே வந்ததும், சிவப்பு மழைக்கோட்டின் தொப்பியை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரம் நின்றுவிட்டாள்.

ரோஸ்விதா இருபத்திரண்டு வருடமாக வழிகாட்டி வேலையில் குப்பை கொட்டுகிறவள். கூட்டம் உள்ளே போகும்போது தலையை எண்ணுவாள், வெளியே வந்ததும் எண்ணுவாள், சரியாக இருந்தால் பூட்டுவாள். முகம் பார்ப்பதில்லை. இதுவரை ஒருவரையும் தொலைத்ததில்லை என்ற மண்டைக்கனமும் கொஞ்சம் உண்டு. இன்றும் பதினேழு பேர் போய்ப் பதினேழு பேர் வந்தார்கள். நான்கு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போதே இரும்புக் கதவைப் பூட்டி, மற்றவர்களைக் காபிக்கடைக்கு அனுப்பினாள்.

நவம்பர் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. காய்ந்த இலைகளின் வாசனைக்கு நடுவே எங்கிருந்தோ நனைந்த சாம்பலின் நெடி வந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டது. அன்று மழையே இல்லை. தண்ணீர் அந்தச் சிவப்புக் கோட்டிலிருந்து சொட்டியது.

கோட்டுக்குக் கீழே பார்த்தாள். வெறுங்கால்.

"ஏய் ரோஸி." தங்கையின் குரல் கதவுக்கு உள்ளேயிருந்து வந்தது. "கிறுக்கு, என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டியே."

ரோஸ்விதா சாவியைத் துளைக்குள் நுழைத்தாள். திருப்ப முடியவில்லை. "உன் கோட்டு எங்கடி?" என்று கேட்டாள்.

"கீழ ஒரு அம்மா குளிர்ல வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. பாவமா இருந்துச்சு, குடுத்துட்டேன். சீக்கிரம் திற."

"திறக்கிறேன், இரு."

"இங்க எல்லாருக்கும் குளிருதாம் ரோஸி. ஸ்வெட்டரையும் வாங்கிட்டாங்க. ஷூவையும் வாங்கிட்டாங்க. இன்னும் வரிசையா நிக்கிறாங்க." குரல் மெலிந்தது. "குடுக்க ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன். போகமாட்டேங்கிறாங்க."

சாவி அசைந்தது. அரைச் சுற்று.

பின்னாலிருந்து சிவப்புக் கோட்டின் கை நீண்டது. ஈரமான விரல்கள். அவள் விரல்களின்மேல் படிந்து, சாவியை மெல்லத் திருப்பி, மறுபடியும் பூட்டின.

உள்ளே ஈரக்கல்லில் வெறுங்கால்கள் நகர்ந்தன. நிறையக் கால்கள். ஹெட்விக் பேசவில்லை.

"பதினேழு" என்றது, அவள் காதருகே.