அடந்தாங்கி

தாங்குகாப்புகளைக் கையில் மாட்டிக்கொள்ளும்போது செங்குட்டுவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். வலது மணிக்கட்டில் ஒன்று, இடது மணிக்கட்டில் ஒன்று. தங்கை பூங்கோதை தன் பிள்ளைகள் இருவர் கையிலும் சிவப்பு இழுகயிற்றைக் கட்டிவிட்டு அண்ணனைக் கவலையோடு பார்த்தாள். ஆஸ்லோ விமான நிலையத்தில் அவர்களைப் போலவே இன்னும் பல குடும்பங்கள் கயிறும் காப்புமாக நின்றுகொண்டிருந்தன.

“அண்ணே, ரெண்டு பேரோடதையும் ஒரே ஆளு தாங்க முடியுமா? ஒண்ணை நான் போட்டுக்கவா?”

“நீ பாஸ்போர்ட்டைப் பாரு, பையைப் பாரு. நாளைக்கு என் மடியில உக்காந்து காது குத்திக்கப்போற பிள்ளை. அது அழுகையை தாய்மாமன் நான் தாங்காம வேற யாரு தாங்குவா?”

அடந்தாங்கி வந்த பிறகுதான் குழந்தைகளோடு நடுவழியில் விமானம் மாறுவது மனிதர் செய்யக்கூடிய காரியம் ஆயிற்று. அதற்கு முன்பு பெற்றோர் பட்ட பாட்டைச் சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். வந்த விமானம் தாமதமாக இறங்கும். போக வேண்டிய விமானம் எங்கோ கோடியில் கதவை மூடிக்கொண்டிருக்கும். நடுவில் ஓடுகிற ஓட்டத்தில் ஒன்று “ஒண்ணுக்கு வருது” என்னும், இன்னொன்று பொம்மைக் கடை வாசலில் மல்லாந்து படுத்துவிடும். படுத்த பிள்ளையைத் தூக்கினால் வில்லாக வளையும். அது வளைந்து நிமிர்வதற்குள் விமானம் பறந்துவிடும்.

இடிதாங்கி இடியை இழுத்து மண்ணுக்குள் இறக்குகிறது அல்லவா, இதுவும் அதே சங்கதிதான். அடம் பிடிக்கத் தூண்டும் மூளை அலையை, குழந்தையின் கையிலுள்ள இழுகயிறு உறிஞ்சி, பெரியவர் கையிலுள்ள தாங்குகாப்புக்கு அனுப்பிவிடும். வந்து சேர்ந்ததும் காப்பிலுள்ள பச்சை விளக்கு சிவப்பாகும்; காப்பைக் கழற்றும்வரை அப்படியே இருக்கும். குளத்தில் கொட்டிய ஒரு டம்ளர் வெந்நீர் மாதிரி பிள்ளையின் அடம் பெரியவர் மனத்தில் கலந்து ஆறிவிடும் என்று விற்றவர்கள் சத்தியம் செய்தார்கள். இப்போது அடந்தாங்கி இல்லாத குடும்பத்துக்குக் குறைந்த அவகாசத்தில் விமானம் மாறும் குறுமாறல் பயணச்சீட்டே கிடையாது.

ஆறவில்லை என்று சொன்னவர்களும் உண்டு. பூங்கோதையின் கணவன் போன பயணத்தில் குடியேற்ற அதிகாரியிடம், “அந்த முத்திரையை நான்தான் குத்துவேன்” என்று விக்கி விக்கி அழுதான். குடும்பத்தில் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதனால் இந்த முறை பந்தல் வேலையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு முன்கூட்டியே போடிநாயக்கனூருக்குத் தனியாகப் பறந்துவிட்டான். பிழைக்கத் தெரிந்தவன்!

செங்குட்டுவன் அப்படிப்பட்டவர் இல்லை. அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. பந்தியில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு உட்காருவார், அதற்குள் அப்பளம் தீர்ந்திருக்கும், சிரித்துக்கொண்டே ரசத்தை ஊற்றச் சொல்லுவார். அப்பா போன பிறகு தங்கையைப் படிக்கவைத்தவரும் கட்டிக்கொடுத்தவரும் அவர்தான். தன் கல்யாணத்தை “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று தள்ளித் தள்ளி, கடைசியில் அந்தப் பேச்சே ஊரில் நின்றுபோனது. அவருடைய பையில் மருமகளுக்குத் தங்கக் கம்மல், மருமகனுக்குச் சட்டை, தங்கைக்குப் பட்டு எல்லாம் இருந்தன. தனக்கென்று ஒரு துண்டு வைத்திருந்தார்.

முதல் விமானத்தில் பிள்ளைகள் தங்கமாக இருந்தார்கள். ஆறு வயது இமயன் படம் பார்த்தான். மூன்று வயது நறுமுகை தன் துணி யானையைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். விமானந்தான் அடம் பிடித்தது. எதிர்க்காற்று என்று சொல்லிச் சொல்லித் தாமதமாக்கி, அரபிக் கடலில் மிதக்கும் நடுக்கடல் மாறுதளத்தில் இறக்கிவிட்டது. மதுரை விமானம் அங்கிருந்து கிளம்பும் வாசலோ தளத்தின் மறுகோடியில். இதை விட்டால் மறுநாள் மாலைதான். முகூர்த்தமோ மறுநாள் காலையில். ஊர் என்ன சொல்லும் என்பது கிடக்கட்டும், மாமன் மடியைத் தவிர வேறு மடியில் உட்காரமாட்டேன் என்று நறுமுகை முன்பே சொல்லியிருந்தாள்.

ஓடினார்கள். இமயன் முன்னால், பூங்கோதை நறுமுகையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுவில், செங்குட்டுவன் பைகளோடு பின்னால். பாதித் தூரம் நன்றாகவே போனது. அப்புறம் பின்னால் காலடிச் சத்தம் நின்றுபோனது.

செங்குட்டுவன் ஒரு பொம்மைக் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குரங்கு, கழுத்தில் தொங்கிய மேளத்தை இரண்டு கையாலும் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணே, வாண்ணே! கதவை மூடிருவாங்க!”

“எனக்கு அது வேணும்.”

பூங்கோதை திரும்பி ஓடி வந்தாள். வந்துவிட்டது! வந்தும் இப்படியா, இந்த நேரத்திலா?

“யாரு அடம்டா இது? உன்னோடதா?” என்று மகனைக் கேட்டாள்.

“சே, என்னோடது இல்லம்மா. நான்னா அந்தப் பெரிய லாரியைக் கேட்டிருப்பேன்.”

“என்கிட்டதான் யானை இருக்கே,” என்றாள் நறுமுகை.

“அண்ணே, ஊருக்குப் போய் வாங்கிக்கலாம்ணே. இதைவிட நல்லதா கிடைக்கும்.”

“எப்பப் பார்த்தாலும் ஊருக்குப் போய், ஊருக்குப் போய்!” செங்குட்டுவன் பைகளைக் கீழே போட்டார். “சின்னப்பவும் இதைத்தான் சொன்னாங்க! யாரும் வாங்கித் தரல!”

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து காலை உதைத்துக்கொண்டு அழுதார். நல்ல ஆகிருதியான மனிதர். உதைத்த உதையில் பக்கத்துச் சுழல்தட்டிலிருந்த கரடிகள் ஆடின. காப்புகளைக் கழற்றிவிடலாம் என்று பூங்கோதை குனிந்தாள். அவர் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு “மாட்டேன்” என்றார்.

போகிற வழியில் ஒரு அம்மாள் நின்று விசாரித்தாள். “எத்தனை பிள்ளைங்களோடது?”

“ரெண்டு.”

“ஐயோ பாவம், ரெண்டையும் ஒரே ஆளு மேல ஏத்துவாங்களா?” என்று உச்சுக்கொட்டிவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த தன் கணவனை இழுத்துக்கொண்டு போனாள்.

இந்த இடத்தில் இமயன் பொறுப்பை எடுத்துக்கொண்டான். அடத்தைப் பற்றி அந்தக் கூட்டத்தில் அனுபவம் உள்ளவன் அவன்தானே! மாமாவின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று, “மூணு எண்ணுவேன்” என்றான். எண்ணினான். ஒன்றும் நடக்கவில்லை. “அதோ போலீஸ் மாமா வர்றாரு” என்றான். செங்குட்டுவன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “சரி, நீங்க இங்கயே இருங்க. நாங்க போறோம், டாட்டா” என்று சொல்லி, தங்கை கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்து, தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். மாமாவும் இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது நிஜ அடம்மா,” என்றான் திரும்பி வந்து. “வாங்கிக் குடுத்துடு.”

“கேட்டதையெல்லாம் வாங்கிக் குடுத்தா அதுவே பழக்கமாயிடும்டா.” வழக்கமாகச் சொல்லும் வாக்கியம் வாயில் தானாக வந்துவிட்டது.

“மாமாதான் இதுவரைக்கும் எதுவுமே கேட்டதில்லையேம்மா?”

பூங்கோதைக்குச் சுருக்கென்றது. மேற்கொண்டு யோசிக்க நேரமில்லை. கடைக்குள் பாய்ந்தாள், குரங்கோடு வெளியே வந்தாள். செங்குட்டுவன் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அழுகை நின்றது. ஆனால் எழுந்திருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் மேலே நீட்டினார்.

“தூக்கு.”

“அட கடவுளே! உன்னை எப்படிண்ணே தூக்குவேன்?”

“எல்லாரையும் நான் தூக்கியிருக்கேன். என்னை யாருமே தூக்கினதில்லை.”

அடம் பிள்ளைகளுடையது, வார்த்தைதான் அண்ணனுடையது என்று பூங்கோதை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்குள் இமயன் எங்கிருந்தோ ஒரு சாமான் வண்டியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டான். பைகளைக் கீழே அடுக்கி, மேலே மாமாவை ஏற்றி, அவர் மடியில் நறுமுகையை உட்காரவைத்து, தாயும் மகனும் மூச்சுப்பிடித்துத் தள்ளினார்கள். வண்டி நகர ஆரம்பித்ததும் செங்குட்டுவன் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! குரங்குக்குச் சாவி கொடுத்துவிட்டார். மேளம் முழங்க, மாப்பிள்ளை ஊர்வலம்போல அந்த வண்டி நடுக்கடல் மாறுதளத்தைக் கடந்து போனது. ஒதுங்கி வழிவிட்டவர்களில் சிலர் கையும் தட்டினார்கள்.

மதுரை விமான வாசலில் கதவு இன்னும் மூடவில்லை. மூட முடியவில்லை என்பதுதான் சரி. வரிசையில் பிள்ளைகள் எல்லாம் சமர்த்தாக நின்றுகொண்டிருக்க, பெரியவர்களில் ஒருவர் செருப்பைக் கழற்றி எறிந்திருந்தார், இன்னொருவர் பயணச்சீட்டைத் தரமாட்டேன் என்று வாயில் கவ்விக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி, “குழந்தைகள் தங்கள் பெரியவர்களின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு முன்னே வரவும்” என்று தினமும் சொல்லிப் பழகிய குரலில் அறிவித்தது.

வாசலில் நின்ற பணிப்பெண் செங்குட்டுவனின் உயரத்துக்குக் குனிந்தாள். “குட்டிக்கு ஜன்னலோர சீட் வேணுமா?”

செங்குட்டுவன் பலமாகத் தலையாட்டினார்.

விமானம் மேலே எழும்பியதும் குரங்கை மடியில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனார். நறுமுகையும் யானையோடு தூங்கினாள். போய்ச் சேர்ந்துவிடுவோம், நாளைக்கு மாமன் மடி இருக்கும் என்ற நிம்மதியில் பூங்கோதை மகளுக்குப் போர்வையை இழுத்துவிட்டாள். அப்போது யானையின் தும்பிக்கையில் ஏதோ தட்டுப்பட்டது.

இரண்டு சிவப்பு இழுகயிறுகள், அழகாக முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டிருந்தன.

“டேய் இமயா, இது எப்படா இங்க வந்துச்சு?”

“முதல் பிளேன்லயேம்மா. பாப்பாவுக்கு அரிச்சுது. எனக்கும் அரிச்சுது. அதான் யானைக்குக் கட்டிட்டோம்.”

பூங்கோதை அண்ணனின் சட்டைக் கையை மெதுவாக விலக்கிப் பார்த்தாள். இரண்டு காப்பிலும் விளக்கு பச்சையாகவே இருந்தது. துணி யானைக்கு ஏது அடம்?

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணும் நிறைந்துவிட்டது. சின்ன வயதில் தேரடிக் கடையில் அண்ணன் எதையோ பார்த்துக்கொண்டு நின்றதும், அம்மா அவளுக்கு மட்டும் ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்து அவனை இழுத்துக்கொண்டு வந்ததும் நினைவுக்கு வந்தன. அது குரங்கா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. அன்று அவள் பார்க்கவே இல்லை.

“அப்ப நீங்க ரெண்டு பேரும் எப்படிடா இவ்வளவு நேரம் சமர்த்தா இருந்தீங்க?”

“மாமா அழுதாருல்ல?” என்றான் இமயன். “நாங்களும் அழுதா வண்டியை யாரு தள்றது?”

பேச்சுச் சத்தத்தில் செங்குட்டுவன் விழித்துக்கொண்டார். குரங்கைப் பார்த்தார், எல்லாம் நினைவுக்கு வந்து வெட்கப்பட்டார். பிறகு தூங்குகிற நறுமுகையின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

“பாவம்மா பிள்ளைங்க. இத்தினியூண்டு நெஞ்சுக்குள்ள எவ்வளவு ஏக்கத்தை வச்சிருக்குதுக! நமக்கெல்லாம் தெரியவே தெரியாது பாரு.”

“ஆமாண்ணே,” என்றாள் பூங்கோதை. யானையைப் போர்வைக்குள் தள்ளினாள். “வேற என்ன வேணும்னு தோணுது இப்ப?”

“பிள்ளைங்களுக்கா?”

“காப்பு உன் கையிலதானே இருக்கு. என்ன தோணுதோ சொல்லு.”

செங்குட்டுவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்து யோசித்தார். “சிரிக்காதே. நாளைக்கு விருந்துல முதல் பந்தியில உக்காரணும்போல இருக்கு. ரெண்டு அப்பளத்தோட.”

“மூணு,” என்றாள் பூங்கோதை. பிறகு அவர் கையைப் பிடித்து, இடது காப்பை மட்டும் நைசாகக் கழற்றித் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். “திரும்பி வரும்போது இது என் கையில இருக்கட்டும்ணே. நீ ஒருத்தனே எவ்வளவுதான் தாங்குவே?”

செங்குட்டுவன் நெகிழ்ந்துபோய், சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடினார். இமயன் எட்டி அம்மாவின் காதோடு பேசினான்.

“அம்மா, கயிறு ரெண்டும் யானைகிட்டதான் இருக்கு.”

“தெரியும்டா. அங்கயே இருக்கட்டும். நீ வாயைத் திறக்காதே.”

இமயன் அம்மாவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், ஒரு நீண்ட பெருமூச்சு விட்டான்.

“சரி. ஆனா உனக்கும் இப்பவே சொல்லிட்டேன், கடையில ஏதாவது ஒண்ணுதான். அப்புறம் தூக்கச் சொல்லக் கூடாது, வண்டிதான்.”