உப்பிலிட்ட செர்ரி இலை

"எங்கட பலகாரம் என்ன, செத்தவீட்டுச் சாப்பாடோ?"

கொழும்போ யாழ்ப்பாணமோ அல்ல, கோப்பன்ஹேகன் கடற்கரையில், கொட்டும் மழையில், இப்படி ஊர்த் தமிழில் ஒருவன் சண்டைக்கு வருவான் என்று சாரங்கி கனவிலும் நினைக்கவில்லை. நிமிர்ந்தாள். ஏப்ரன் கட்டிய, தலையில் துணி சுற்றிய ஒரு தமிழ்ப் பெடியன்! வாய்தான் சண்டை பிடித்தது... கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன. அந்தக் கண்களை நினைத்தால் இத்தனை வருஷம் கழித்து இப்போதும் அவளுக்கு அந்த மழை மணக்கும்.

அது இரண்டாயிரத்து ஒன்பது, சித்திரை மாதக் கடைசி. லாங்கலினி பூங்காவில் ஜப்பான்காரரின் செர்ரிப்பூத் திருவிழா. அவள் பூப் பார்க்க வரவில்லை. காலையிலிருந்து பாராளுமன்றத்துக்கு முன்னால் "போரை நிறுத்து" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டி, வீட்டுக்குப் போய் அம்மாவின் முகத்தைப் பார்க்க மனமில்லாமல் கடல்பக்கம் நடந்தவள். மழைக்கு இந்தக் கூடாரத்துக்குள் ஒதுங்கினாள். யாரோ ஒரு தட்டைக் கையில் திணித்தார்கள். உள்ளே இனித்த சிவப்புப் பயறு, வெளியே ரோஸ் நிற அரிசிமா, அதைச் சுற்றி ஒரு இலை. நம்முடைய கொழுக்கட்டைக்குச் சேலை கட்டிவிட்ட மாதிரி! இலையை உரித்துவைத்துவிட்டுப் பசியோடு தின்றாள். தின்று முடித்ததும் கை தன்பாட்டில் அந்த இலையை மடித்தது.

கலியாண வீட்டில் என்றால் சாப்பிட்ட இலையைத் தன் பக்கமாக மடிப்பார்கள். செத்தவீட்டில் மறுபக்கமாக. அவள் மறுபக்கமாக மடித்திருந்தாள்.

"அதுவும் போகட்டும்... இலையைத் தின்னாமல் விட்டிட்டீங்களே! செர்ரி இலையை உப்பிலை ஊறப்போட்டுச் செய்யிறது. இனிப்பும் உப்பும் சேந்தாத்தான்..."

"என்ரை அண்ணா வன்னியிலை நிக்கிறார்!" அவள் வெடித்தாள். "மாசியிலையிருந்து ஒரு கதையுமில்லை. இலையாம், உப்பாம்!"

அவன் முகம் செத்துப்போனது. "ஐயோ... மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எனக்கு வாய் கொஞ்சம் கூட."

அவன் பெயர் ஜெரோஷன். ஜப்பான் சாப்பாட்டுக்கடை ஒன்றில் சமையல். அவள் கண்ணீர் நிற்கவேண்டுமே என்ற பதற்றத்தில் அந்த வாயையே திரும்பவும் திறந்தான்.

"இந்தக் குச்சியிலை மூண்டு நிறத்திலை உருண்டை குத்தியிருக்கெல்லே? ரோஸ் பூவுக்கு, வெள்ளை பனிக்கு, பச்சை புல்லுக்காம். ஜப்பானிலை கந்தோர் வேலைக்குப் புதுசாச் சேந்தவனை விடியக்காத்தாலை பூமரத்துக்குக் கீழை பாய் விரிச்சு இருத்திப்போடுவினமாம்... மற்ற ஆக்கள் பின்னேரம் வந்து குடிக்க இடம் பிடிக்க! பாவம், பெடியன் நாள் முழுக்க வெறும் பாயைக் காவல் காக்கோணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு அப்படியே நெஞ்சில் இடறியது. 'அங்கை சனம் சாகுது... நீ இங்கை பல்லைக் காட்டுறாய்!' குடையுமில்லாமல் மழைக்குள் ஓடினாள்.

ஆனால் மறுநாள் போராட்டத்தில் அவள் பக்கத்தில் தேத்தண்ணி நிறைத்த சுடுதண்ணிப் போத்தலோடு அவன் நின்றான். அதற்கடுத்த நாளும். ஜப்பான் கதை ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியை ஊற்றித் தந்துவிட்டுப் பேசாமல் நின்றான். எப்படித்தான் அந்த வாயை அடக்கிவைத்திருந்தானோ!

வைகாசியில் போர் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. அண்ணா லவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தப்பியவர்கள் முகாம்களில் இருந்து ஒவ்வொருவராகப் போன் எடுத்தார்கள்; லவன் எடுக்கவில்லை. பதாகைகளைச் சுருட்டிய கடைசி நாளில் ஜெரோஷன் மெல்லக் கேட்டான்.

"சாரங்கி... எனக்கு உம்மைப் பிடிச்சிருக்கு. உமக்கு?"

பிடிக்காமலா? ஆனால் அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "அண்ணான்ரை சேதி வாற வரைக்கும் எனக்கு ஒரு சந்தோஷமும் வேண்டாம். இனி வராதேங்கோ."

அவன் வரவில்லை. சொன்ன சொல்லைக் கேட்கிற ஆண்பிள்ளை... அதற்காகவே அந்தப் பனிக்காலம் முழுக்க அவனோடு அவளுக்குக் கோபம்.

அடுத்த சித்திரையிலும் சேதி இல்லை. ஒரு சனிக்கிழமை அம்மா ஞானேஸ்வரி ஜன்னலோரம் கிடந்த மகளைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் சொன்னாள்.

"நாளைக்கு என்ரை பிள்ளை வந்து வாசலிலை நிண்டா, தங்கச்சியை ஏனம்மா இப்பிடி வாடவிட்டனீ எண்டு என்னைத்தான் ஏசுவான். எழும்பு. அந்தத் தேத்தண்ணிப் பெடியனைப் போய்ப் பார்."

"அம்மா!"

"எனக்குக் கண் தெரியாதெண்டு நினைச்சியோ? போராட்டத்திலை நானும் பாத்தனான். போ பிள்ளை."

லாங்கலினியில் அதே திருவிழா. அதே கூடாரம். அதே தலைத்துணி. அவளைக் கண்டதும் அவன் கையிலிருந்த கரண்டி விழுந்தது. ஒரு கோப்பையில் சுடுதண்ணி ஊற்றி, உப்பிலிட்ட பூ ஒன்றைப் போட்டு அவள் முன்னால் வைத்தான். சுருங்கிக் கிடந்த பூ மெல்ல மெல்ல விரிந்தது.

"தேத்தண்ணியோ?"

"தேயிலை இல்லை. ஜப்பான்காரர் கலியாணம் பேசுற இடத்திலை தேத்தண்ணி குடுக்கமாட்டினம், இதைத்தான் குடுப்பினம்." அவன் காது சிவந்தது. "சும்மா... ஒரு தகவலுக்குச் சொன்னனான்."

அவள் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். தட்டில் அவன் வைத்த பலகாரத்தை இலை உரித்துத் தின்றாள். பிறகு இலையை எடுத்து, அவன் பார்க்கப் பார்க்க, நிதானமாகத் தன் பக்கமாக மடித்தாள்.

ஜெரோஷனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் அந்த வாய் சும்மா இருக்குமா?

"இலையையும் தின்னோணும் எண்டு போன வருஷமே சொன்னனான்..."

"தின்னுறன். முதல் மடிச்சுக் காட்டோணும் எண்டுதான் வந்தனான்." அவள் மடித்த இலையை வாயில் போட்டு மென்று விழுங்கினாள். "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. சிரிச்சிட்டு ஓடினனே, அண்டைக்கே பிடிச்சிட்டுது... ஆனா அண்ணாவை நினைச்சு நான் இன்னும் அழுவன், ஜெரோஷன். அதுக்கும் நீங்கள்தான் பக்கத்திலை நிக்கோணும்."

"நிப்பன்."

அவன் இன்னொரு தட்டை எடுத்தான். இலை சுற்றிய பலகாரம் ஒன்றை வைத்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் தள்ளினான்.

"இது ஆருக்கு?"

"லவன் அண்ணாவுக்கு. வந்தா, தங்கச்சி தனக்கு விடாமல் திண்டுபோட்டாள் எண்டு சொல்லக்கூடாதெல்லே?"