கட் பண்ணாதே, பேசிக்கிட்டே இரு

"நேத்து நீங்க சொன்னதை நினைச்சு வார்டுல தனியா சிரிச்சிட்டேங்க" என்றாள் மனைவி, லேப்டாப் திரைக்குள்ளிருந்து. "நான் பாத்துக்கற பெரியவர் பயந்தே போயிட்டார்."

நேற்று அவன் எதையும் சொல்லவில்லை. "சாப்பிட்டியா" என்று கேட்டான், பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தாள், திறந்த வாயோடு படம் நின்றுவிட்டது. வழக்கமான கூத்துதான். அப்புறம் மாலை முழுக்க, நடைவழியில் செருப்பு அலமாரிக்கு மேலே ஆணியில் தொங்கும் ரவுட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன சொன்னேன்?"

"அதாங்க, கடைக்கு ஒரு அம்மா வந்தாங்களே. புதுக் கண்ணாடியை மாட்டிட்டு, பக்கத்துல நின்ன வீட்டுக்காரரைப் பாத்து, யாருங்க இவருன்னு கேட்டாங்கன்னு சொன்னீங்கல்ல."

நடந்தது உண்மைதான். அவன் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் நேற்று மத்தியானம் நடந்தது. முதலாளியும் அவனும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று வழி நெடுக நினைத்துக்கொண்டே வந்தான். நினைத்ததோடு சரி, நெட் அவனைச் சொல்ல விடவில்லை.

"நான் எப்பம்மா..." என்று ஆரம்பித்தான். படம் நின்றது. அவள் முகத்தில் பாதிச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

மனைவி நர்ஸ். போன வருஷம் கடல் தாண்டிப் போய் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே அவளுக்கு மத்தியான இடைவேளை விடும்போது இங்கே பொழுது சாய்ந்துகொண்டிருக்கும். அந்த ஒரு பொழுதுக்காகத்தான் கடைசி ஃப்ரேமை அவசர அவசரமாக முடுக்கிக் கொடுத்துவிட்டு அவன் வீட்டுக்கு ஓடி வருவான். அந்தப் பொழுது பார்த்துத்தான் ரவுட்டர் காலை வாரும். பகலெல்லாம் ஆளில்லாத வீட்டில் மூன்று விளக்கும் பச்சையாக, சமர்த்தாக எரிந்துகொண்டிருக்கும். அவள் முகம் வந்து அவன் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒன்று சிவப்பாகும். இதென்ன சாதனமா, சக்களத்தியா என்று அவன் வாய்விட்டே திட்டியிருக்கிறான்.

நெட் கம்பெனிக்கு போன் போட்டால் முதலில் ஒரு பாட்டு, அப்புறம் ஒரு பெண் குரல். "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்." பண்ணிப் பண்ணி சுவிட்ச்சே தேய்ந்துவிட்டது.

அதனால்தான் அவன் அந்த ஏற்பாட்டைச் செய்தான். கட் பண்ணிவிட்டு மறுபடி கூப்பிட்டால் இணைப்புக் கிடைப்பதற்குள் அவளுடைய இடைவேளை தீர்ந்துவிடுகிறது. ஆகவே படம் நின்றாலும் இரண்டு பேரும் அழைப்பை விடக் கூடாது. "கட் பண்ணாதே. பேசிக்கிட்டே இரு. வந்துடும்" என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தான். அவன் எழுந்து போய் ரவுட்டரை அணைத்து எழுப்புவான், அதுவும் சரிப்படாவிட்டால் தெருமுனை மருந்துக்கடை வாசலுக்குப் போய் செல்போனில் சிக்னல் பிடிக்கப் பார்ப்பான். அதுவரை அவள் நின்றுபோன அவன் முகத்தைப் பார்த்து அன்றைய கதையைச் சொல்லிக்கொண்டிருப்பாள். யார் மாத்திரையைத் துப்பினார், யார் ராத்திரியெல்லாம் மகனைக் கூப்பிட்டார் என்று.

"நின்னுபோன உங்க மூஞ்சியோட பேசிப் பேசி பழகிடுச்சு. அது குறுக்கே பேசாது, கோவிச்சுக்காது" என்று ஒருமுறை சொன்னாள். அவனும் சிரித்தான்.

சிரித்தானே தவிர, மனம் வேறெங்கோ இருந்தது. அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாளா, ஊர் திரும்புகிறாளா என்று வெள்ளிக்கிழமை அவள் சொல்லியாக வேண்டும். வந்துடு என்று சொல்ல அவனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவள் தானாகச் சொல்லட்டும் என்று ஒரு ரோஷம். காலியான வீட்டில் தனியாகப் படுத்து எழுந்து, தன் சமையலைத் தானே தின்று சலித்துப்போயிருந்தான். அவள் இல்லாமல் அவனால் முடியவில்லை, அதுதான் உண்மை.

அன்றும் மருந்துக்கடை வாசல்வரை போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினான். கேட்டைத் திறக்கும்போது உள்ளே யாரோ பேசும் சத்தம், தாழ்ந்து, விட்டு விட்டுக் கேட்டது. மாடி வீட்டு டிவி என்று நினைத்துக்கொண்டான். அறையில் லேப்டாப் திறந்தபடி இருந்தது, அழைப்பு முடிந்திருந்தது. உட்கார்ந்தான். நாற்காலி கதகதவென்று இருந்தது, பஸ்ஸில் ஒருத்தர் எழுந்துபோன இருக்கை மாதிரி. காற்றில் சூடான பிளாஸ்டிக்கின் வாசனை லேசாக அடித்தது. ஃப்ரேமை வளைப்பதற்காகக் காய்ச்சும்போது கடையில் அடிக்குமே, அந்த வாசனை. தன் சட்டையை முகர்ந்து பார்த்தான், அதில் வெறும் வியர்வைதான். மாடி வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போய் ஒரு வாரமாகிறது என்பது படுக்கப் போகும்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் அவள் திரையில் வந்ததும் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஏன், மறுபடியும் கோணக்கண்ணாடி ஆயிட்டீங்க?"

அவனுக்கு இடது காது கொஞ்சம் இறக்கம். ஊரார் கண்ணாடியையெல்லாம் நிமிர்த்திக் கொடுப்பவனுக்குத் தன் கண்ணாடி மட்டும் என்றைக்கும் சாய்ந்தே நிற்கும். கல்யாணமான புதிதிலிருந்து கோணக்கண்ணாடி என்பது அவள் அவனுக்கு வைத்த பெயர்.

"எப்பவும் இப்படித்தானே?"

"நேத்து நேரா இருந்துச்சே. எவ்வளவு லட்சணமா இருந்தீங்க. அதைச் சொல்லப் போய்தானே அவ்வளவு நேரம் பேசினோம்." அவள் குரல் குழைந்தது. "நீங்க சொன்னது எனக்கு ரொம்ப ஆறுதலா இருந்துச்சுங்க. எங்க திட்டுவீங்களோன்னு பயந்துட்டிருந்தேன்."

"எதுக்குத் திட்டறேன்? நான் என்ன சொன்னேன்?"

படம் நின்றது.

எவனோ ஒருவன் என்று முதலில் தோன்றியது, அசிங்கமாகத் தோன்றியது, உடனே அதற்காக வெட்கமாகவும் இருந்தது. எவனோ ஒருவனாக இருந்தால்கூட அடித்துத் துரத்திவிடலாம். அவள் 'நீங்க' என்கிறாள். கடைக்கு வந்த அந்த அம்மா கதையைச் சொல்கிறாள். அன்று அவன் ரவுட்டர் பக்கம் போகவில்லை, நாற்காலியை விட்டு எழவும் இல்லை. நின்ற படத்தின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தான். எதுவும் நடக்கவில்லை. திரையின் ஓரத்தில் சின்னக் கட்டத்தில் தெரிந்த அவனுடைய முகமும் நின்றுபோயிருந்தது. அதில் கண்ணாடி நேராக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். புள்ளி புள்ளியாக இருந்ததால் சரியாகத் தெரியவில்லை.

வியாழக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு லைன்மேனை வரவழைத்தான். வந்தவர் நடுவயதுக்காரர், வெயிலில் கறுத்தவர், ஏணியைச் சுவரில் சாய்த்து வெளிக்கம்பியைப் பார்த்தார், உள்ளே வந்து ரவுட்டரில் ஒரு கருவியைச் சொருகிப் பார்த்தார்.

"லைன் கல்லு மாதிரி இருக்கு சார். இங்க ஒரு குறையும் இல்ல."

"தினம் சாயங்காலம் செத்துப்போகுதே."

லைன்மேன் தன் செல்போனில் எதையோ தேய்த்துப் பார்த்தார். "சாயங்காலம்தான் நல்லா ஓடியிருக்கு. கொஞ்ச நேரம் சின்னதா ஒரு தடங்கல், அதுக்கப்புறம் தடையே இல்லாம வீடியோ போயிருக்கு. நீங்க பேசிட்டுத்தானே சார் இருந்திருக்கீங்க?"

லைன்மேன் இளித்தார். "வீட்டம்மா வெளிநாடோ? கொடுத்து வச்சவர் சார் நீங்க. எங்க வீட்ல பக்கத்துல இருக்கும்போதே அவ்வளவு நேரம் பேச மாட்டாங்க." ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று பொழுது சாயும்வரை அவன் அந்த நாற்காலியிலேயே இருந்தான். விளக்கைப் போடத் தோன்றவில்லை. நடைவழியிலிருந்து மூன்று பச்சைப் புள்ளிகள் எதிர்ச் சுவரில் மங்கலாக விழுந்தன. ஃபிரிட்ஜ் ஒருமுறை உறுமி அடங்கியது. தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. பிறகு அவள் அழைப்பு வந்தது, அவள் முகம் வந்தது. இன்று கூந்தலை அழகாக வாரியிருந்தாள். அவனுக்காக வாரியிருக்கிறாள் என்று ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது. அப்புறம்தான், யாருக்காக என்று ஒரு கேள்வி உறுத்தியது.

"கேளு. குறுக்கே பேசாதே, முழுசாக் கேட்டுடு" என்றான். "எனக்கு இங்க முடியலம்மா. நீ கையெழுத்துப் போட வேண்டாம். வந்துடு. ரோஷமெல்லாம் விட்டுட்டுக் கேக்கறேன், வந்துடு."

அவள் முகம் சுருங்கியது. "என்னங்க, குரல் விட்டு விட்டு வருது. ஒண்ணும் புரியல."

"வந்துடு. வந்துடு."

"கரகரன்னு இருக்கு. மூஞ்சியும் கோணலாத் தெரியுது." அவள் சலித்துக்கொண்டாள். "எந்திரிச்சுப் போய் ரவுட்டரைப் பாருங்க. எப்பவும் நீங்க எந்திரிச்சுப் போய்ட்டு வந்தாத்தான் நல்லா வருது."

அவன் எழுந்தான். அவள் சொன்னாள் என்பதற்காக எழுந்தான். கால்கள் தாமாக நடைவழிக்குப் போயின. சிவப்பு விளக்கு. கையை சுவிட்ச் பக்கம் நீட்டினான். தொடவில்லை. தொடுவதற்கு முன்பே சிவப்பு பச்சையானது.

அறைக்குள் நாற்காலி கிறீச்சிட்டது.

"இப்பத் தெரியுதா?" என்றது அவனுடைய குரல்.

"ஆமாங்க, பளிச்சுன்னு தெரியுது" என்றாள் அவள்.

சூடான பிளாஸ்டிக் வாசனை நடைவழிவரை வந்தது. திரும்பிப் பார்க்க வேண்டும். பார்க்க முடியவில்லை. கழுத்து மறுத்தது. முதுகைச் சுவரில் தேய்த்தபடியே வாசல்வரை நகர்ந்தான், கதவைத் திறந்தான், வெறுங்காலோடு தெருவில் ஓடினான். மருந்துக்கடை வாசலில் வெளிச்சம். ஒருத்தர் சில்லறை வாங்கிக்கொண்டிருந்தார். செல்போனில் சிக்னல் இருந்தது. என்றைக்கும் இல்லாத திருநாளாக முழுசாக இருந்தது. அவள் எண்ணை அழுத்தினான். மணி அடித்தது, அடித்தது, எடுத்தாள்.

"நான்தாம்மா. அந்த லேப்டாப்பை மூடு. அது நானில்ல."

"யாருங்க நீங்க?"

"என்னம்மா இப்படிக் கேக்கறே? என் நம்பர்தானே வருது?"

"எங்க வீட்டுக்காரர் என் முன்னாடிதான் உக்காந்து பேசிட்டிருக்கார்" என்றாள், அந்நியரிடம் பேசும் கறாரான குரலில். பிறகு வாயை போனிலிருந்து விலக்கி, "யாரோ உங்க நம்பர்லருந்து, உங்க குரல்லயே பேசறாங்கங்க. என்னென்னமோ மோசடி பண்றாங்களாமே இப்பல்லாம்."

"கட் பண்ணிடு" என்றது தூரத்தில் அவனுடைய குரல். அமைதியான, கோபமே இல்லாத குரல்.

"கண்ணாடி... கோணக்கண்ணாடி... எனக்கு நீ வச்ச பேரும்மா அது..."

அவள் ஒரு நொடி தயங்கினாள். தயங்கினாள், அது அவனுக்கு நன்றாகக் கேட்டது. அவள் மூச்சு கேட்டது. தெரியும் அவளுக்கு. எங்கேயோ ஓரத்தில் தெரியும்.

கட் பண்ணிவிட்டாள்.

எத்தனை படம் நின்றாலும், எத்தனை நாள் சிவப்பு எரிந்தாலும், அவனை அவள் கட் பண்ணியதில்லை. ரவுட்டர் காலை வாரலாம், அது பெட்டி. இவள் நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டாள். அழுகை வந்தது. ஓடினான். கேட். படி. கதவு. உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

ஜன்னலுக்குப் போனான். கம்பி சில்லென்று இருந்தது.

அறை இருட்டு. லேப்டாப் வெளிச்சம் மட்டும். நாற்காலியில் அவனுடைய பின்மண்டை. அவனுடைய வீட்டுச் சட்டை, காலையில் கொடியில் போட்டது. திரை நிறைய மனைவியின் முகம், அவ்வளவு தெளிவாக அவளை அவன் இந்த ஒரு வருஷத்தில் பார்த்ததே இல்லை.

"அப்போ கையெழுத்துப் போட்டுடட்டுமா?"

"போடும்மா. இப்படிப் பேசிக்கிட்டிருந்தாலே எனக்குப் போதும்."

அவன் கம்பியைத் தட்டக் கையை ஓங்கினான். கத்த வாயைத் திறந்தான்.

மனைவியின் கண்கள் நகர்ந்தன. நாற்காலியைத் தாண்டி, ஜன்னலுக்கு. அவனுக்கு. "என்னங்க, உங்களுக்குப் பின்னாடி யாரோ நிக்கற மாதிரி..."

நாற்காலியில் இருந்தது திரும்பவில்லை.

"ஒண்ணுமில்லம்மா. படம் நின்னுபோயிருக்கு, அவ்வளவுதான். நீ பேசிக்கிட்டே இரு."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்து, இன்றைக்கு அந்தப் பெரியவர் மாத்திரையைத் துப்பிய கதையைச் சொல்லத் தொடங்கினாள்.

ஓங்கிய கை இறங்கவில்லை. திறந்த வாய் மூடவில்லை. ஒரு கொசு வந்து அவன் கருவிழிமேல் உட்கார்ந்தது. இமை அசையவில்லை.