வெளியே 36.8

வெளியே மாட்ட வேண்டிய வானிலைக் கருவி தெர்மோகோல் அச்சுக்குள் இன்னும் படுத்துக் கிடக்கும்போதே, மேசைமேல் இருந்த திரை ஒருமுறை கூவி, வெளியே வெப்பம் முப்பத்தாறு புள்ளி எட்டு என்று அறிவித்தது.

அவன் கருவியைப் பார்த்தான். பேட்டரி மூடி திறந்து, உள்ளே ஒன்றுமே இல்லாமல், தனக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பதுபோல் கிடந்தது. ஜன்னலைப் பார்த்தான். மூன்று நாளாக வெயில் தலைகாட்டவில்லை. பனியனோடு நின்றால் கையில் மயிர் சிலிர்க்கிற வெள்ளிக்கிழமைச் சாயங்காலம். திரையோ நிறுத்துவதாக இல்லை. ஈரப்பதம் தொண்ணூற்றெட்டு. வெளிச்சம் பூஜ்ஜியம். காற்று நான்கு நொடிக்கு ஒருமுறை லேசாக ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. அது வரும் திசையைக் காட்டும் குட்டி அம்பு தெற்கே நின்றது.

கையேட்டை எடுத்தான். வேலை முடிந்த பிறகு கையேடு படிப்பது அவர்கள் குடும்ப வழக்கம். அப்பா இரண்டு மிக்ஸிகளை அப்படித்தான் எரித்தார். நான்காம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்: முதலில் வெளிக்கருவிக்குப் பேட்டரி போடவும், பிறகே திரைக்கு. மாற்றிப் போட்டால் திரை மூன்று நிமிடம் தேடும். பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதையே தன் கருவியாக ஏற்றுக்கொள்ளும்.

அவன் மாற்றித்தான் போட்டிருந்தான்.

பெட்டி அக்கா அனுப்பியது. அக்கா இருப்பது ஒரு ராத்திரி ரயில் தூரத்தில். தினமும் போனில் இருவரும் பேசுவது வானிலை மட்டும்தான். "அங்க மழையா?" "இல்லக்கா." "இங்க தூறல்." அவ்வளவுதான். இதையே ஐந்து நிமிடத்துக்கு இழுக்க அக்காவால் முடியும்.

"இதை மாட்டினா உன் வீட்டு நிலவரம் என் போன்லயே வந்துடும்டா. நீ வாயைத் திறக்கலைன்னாலும் உன் வீடாவது என்கிட்ட பேசும்" என்று சொல்லியிருந்தாள். "ஒரு வாரத்துல மாட்டலைன்னு வை, நானே வந்து உன்னை மூட்டை கட்டி எடுத்துட்டு வந்துடுவேன்."

"நான் என்ன சூட்கேஸா?"

"சூட்கேஸுக்காவது சக்கரம் இருக்கும்."

அக்கா வீட்டுக்குப் போவதென்றால் அத்தானின் சோபாவில் படுத்துக்கொண்டு, மாமா எப்பப் போவாரு என்று பிள்ளைகள் சமையலறையில் கிசுகிசுப்பதைக் கேட்க வேண்டும். அதற்கு இந்த மாடிவீடே தேவலை. ஹால், படுக்கையறை, இரண்டையும் இணைக்கும் ஆறடி நடைவழி. நடைவழிக்கு ஜன்னல் இல்லை, கதவும் இல்லை. மனைவி இருந்தபோது அங்கே நின்றுதான் தலை வாருவாள். அவள் போய்ப் பதினொரு மாதம். சண்டை போட்டுப் போகவில்லை. "சண்டை போடவாவது நீங்க வாயைத் திறக்கணும்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில், ஊராரின் வாய்களைப் பிளாஸ்டர் அச்சாக வரிசையில் அடுக்கி வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடமாகப் பல் கட்டுகிறான். நாள் முழுக்கச் சுற்றிலும் முப்பது வாய்கள் இருக்கும். ஒன்றுகூட ஒரு வார்த்தை பேசாது.

உதவி எண்ணுக்குப் போன் செய்தான். பாட்டு முடிந்து ஒரு பெண் வந்தாள்.

"சார், நூறு மீட்டருக்குள்ள வேற யாராவது இதே கருவி வச்சிருப்பாங்க. அதோட சிக்னலை எடுத்திருக்கும்."

"முப்பத்தாறு புள்ளி எட்டுன்னு காட்டுதுங்க. இங்க குளிருது."

"அவங்க வச்சிருக்கிற இடம் சூடா இருக்கலாம் சார். ரீசெட் பட்டனை அஞ்சு நொடி அழுத்துங்க. வேறு ஏதாவது உதவி வேணுமா?"

பதினொரு மாதத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். வேண்டாம் என்று வைத்துவிட்டான்.

கீழ்வீட்டுக்காரரிடம் கேட்டான். அவர் முழங்காலைத் தட்டிக் காட்டினார். "எனக்கு எதுக்குய்யா மிஷினு? இது வலிச்சா மழை. வலிக்கலைன்னா நாளைக்கு மழை." சுற்றியிருந்த நான்கு மொட்டைமாடிகளிலும் துணிக்கொடியும் தண்ணீர்த்தொட்டியும் தவிர ஒன்றுமில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்து ரீசெட் பொத்தான்மேல் விரலை வைத்தான். அப்போது அவனுக்கு ஓர் இருமல் வந்தது.

திரையில் காற்று நின்றது.

நான்கு நொடி. எட்டு நொடி. எண் பூஜ்ஜியத்திலேயே இருந்தது, பக்கத்து அறையில் ஒருவர் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பதுபோல. பிறகு மெல்ல, பழையபடி, ஏறி இறங்கத் தொடங்கியது.

அவன் விரலை எடுத்துவிட்டான். அவன் இருமி யாராவது கவனித்து எத்தனை நாளாயிற்று.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது திரையைப் பார்த்துப் "போயிட்டு வரேன்" என்றான். சொல்லிவிட்டு அவனுக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் சாயங்காலம் கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக மேசைக்குத்தான் போனான். முப்பத்தாறு புள்ளி எட்டு. ஏறி, இறங்கி. அசல் கருவி தெர்மோகோலிலேயே கிடந்தது. அக்காவிடம், "மாட்டிட்டேன்க்கா, சூப்பரா வேலை செய்யுது" என்று சொல்லி, அவள் போனிலும் அதை இணைத்துவிட்டான்.

அரைமணியில் அக்கா கூப்பிட்டாள்.

"என்னடா, வெளிய முப்பத்தாறா? உங்க ஊரே காய்ச்சல்ல கிடக்கா?"

"பெட்டி மேல வெயில் படுதுக்கா."

"வெளிச்சம் பூஜ்ஜியம்னு போட்டிருக்கு."

அவன் திரையைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான்.

"பொய் சொல்லத் தெரியாதவன் எதுக்குடா அதைப் பண்றே? ஒழுங்கா சொல்லு, உடம்பு சரியில்லையா? அந்தப் பெட்டியை நீ அக்குள்ல வச்சிருக்கியா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா."

"ராத்திரி ரயில்ல ஏறினா காலையில வந்துடலாம். டிக்கெட் கிடைக்கலைன்னா பகல் வண்டி. நாளைக்கு உன் மூஞ்சியைப் பார்க்காம எனக்குச் சோறு இறங்காது."

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தவன் "சரிக்கா" என்றான். உண்மையில் அவனுக்கு அவள் வர வேண்டும்போலத்தான் இருந்தது.

ஞாயிறு காலை அக்கா வரவில்லை; பகல் வண்டிதான் கிடைத்ததாம். அவன் வீட்டைக் கழுவினான். நடைவழிக்கு வந்தபோது முதன்முதலாக அந்த வாடை அடித்தது. பினாயில் ஊற்றித் துடைத்தான். பினாயில் வாடை போய் அது நின்றது. வெதுவெதுப்பான, புளித்த, பழகிய வாடை. நோயாளிகளிடம் அளவெடுத்துக் கழுவாமல் கொண்டுவந்து வைத்த அச்சுத் தட்டுகளைத் திங்கட்கிழமை காலையில் திறக்கும்போது முகத்தில் அடிக்குமே, அது. வேலை உடம்போடு ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு குளித்துவிட்டு வந்தான். வாடை அங்கேயே இருந்தது. சுவரில் கை வைத்தான். மற்ற சுவர்கள் எல்லாம் மேகமூட்டத்தில் சில்லிட்டுக் கிடக்க, இது மட்டும் பகல் முழுக்க வெயில் வாங்கியதுபோல் சூடாக இருந்தது. வெளிச்சுவர் அல்ல. வெயிலே வர வழியில்லாத சுவர்.

இருட்டத் தொடங்கியிருந்தது. ஹாலில் விளக்கைப் போட்டுவிட்டுத் திரையைக் கையில் எடுத்தான். அம்பு தெற்கு. ஹாலுக்குத் தெற்கே நடைவழி. திரையைப் பிடித்தபடி நடைவழியைக் கடந்து படுக்கையறைக்குப் போனான். அம்பு வடக்கே திரும்பிவிட்டது. படுக்கையறைக்கு வடக்கே நடைவழி.

மறுபடி நடைவழிக்குள் போய், நடுவில் நின்றான்.

அம்பு சுற்றத் தொடங்கியது. ஒரு திசையிலும் நிற்காமல், நிதானமாக, வட்டம் வட்டமாக. நான்கு நொடிக்கு ஒருமுறை அவன் பிடரி மயிர் முன்பக்கம் சாய்ந்தது. பிறகு பின்பக்கம். காலடித் தரை சொதசொதவென்றிருந்தது. துடைத்த ஈரம் காயவில்லை என்று நினைத்தான். துடைத்து ஐந்து மணிநேரம் ஆகியிருந்தது.

முப்பத்தாறு புள்ளி எட்டு. ஈரம் தொண்ணூற்றெட்டு. வெளிச்சம் இல்லை. காற்று உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே.

இந்த எண்களை அவனுக்குத் தெரியும். அச்சுமாவு எத்தனை சூட்டில், எவ்வளவு ஈரத்தில் இறுகும் என்பது அவன் சோறு. பன்னிரண்டு வருடமாக அவன் அளந்து, குடைந்து, பல் கட்டிய இடம்.

வாய்.

திரையில் இதுவரை அசையாத ஒரு கட்டம் அசைந்தது. மழை: 0.3.

அவன் ஓடினான். எந்தப் பக்கம் என்று யோசிக்கவில்லை. நின்றபோது படுக்கையறையில் இருந்தான். வாசல் கதவு மறுபக்கம். ஜன்னலில் கம்பி. நடுவில் ஆறடி.

மழை: 0.9.

ரீசெட்டை அழுத்தினான். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. திரை அணைந்தது. தேடுகிறது என்று வந்தது. மூன்று நிமிடம் தேட வேண்டும். ஒரு நொடிகூட ஆகவில்லை. கூவியது. முப்பத்தாறு புள்ளி எட்டு. மழை: 2.1.

அப்போது வாசல் கதவு தட்டப்பட்டது.

"டேய்! அக்காடா! ஆட்டோக்காரன் முக்குலயே இறக்கி விட்டுட்டான், பையைத் தூக்கிட்டு மாடி ஏறி மூச்சு வாங்குது. திற."

நடைவழி வழியாக ஹால் தெரிந்தது. மஞ்சள் விளக்கு. மேசை. இரண்டு நாற்காலி. ரொம்ப தூரத்தில் இருப்பதுபோலத் தெரிந்தது.

"தூங்குறியா? சரி, நீ குடுத்து வச்ச சாவிதான் என்கிட்ட இருக்கே. நானே வரேன்."

பூட்டு திரும்பும் ஓசை.

மழை: 4.8.

"அக்கா!" என்று கத்தினான். தொண்டை கிழிகிற கத்தல். "உள்ள வராதே! அங்கேயே நில்லு! நடைக்குள்ள வராதே!"

பை தரையில் வைக்கப்படும் ஓசை. பிறகு அக்கா சிரித்தாள். சந்தோஷமாகச் சிரித்தாள்.

"அடேயப்பா! இவ்வளவு சத்தமா நீ பேசிக் கேட்டு எத்தனை வருஷமாச்சு! அவ்வளவு குப்பையாடா வீடு? உன் குப்பையை நான் பார்க்காததா?"

"அக்கா, சத்தியமா, வராதே..."

"என்னடா இது, இங்க இப்படி வாடை..."

செருப்புச் சத்தம். ஒன்று. இரண்டு. ஹால் விளக்கின் முன்னால் அவள் உருவம் கறுப்பாக வந்து நின்றது. தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கி, இருட்டில் அவனைத் தேடியது. மூன்று. செருப்பு வழுக்கியது. சமாளிக்கச் சுவரில் கை வைத்தாள்.

"தம்பி, சுவரு..."

காற்று: பூஜ்ஜியம்.

அந்த நடைவழிக்குக் கதவு கிடையாது. ஆனால் மூடியது. மேலிருந்து இறங்கி, கீழிருந்து ஏறி, ஹால் வெளிச்சம் ஒரு பட்டையாகி, கோடாகி, இல்லாமல் போனது. சத்தம் எதுவும் வரவில்லை. கையில் இருந்த திரை மட்டும் நீலமாக எரிந்தது. மழை: 11.4. மழை: 19.2. காற்று: பூஜ்ஜியம். பூஜ்ஜியம்.

அவன் கூப்பிட்டான். கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

மழை நின்றது.

நான்கு நொடி கழித்துக் காற்று ஏறியது. இறங்கியது.

கோடு திரும்ப வந்தது. பட்டையாயிற்று. ஹால் தெரிந்தது. மஞ்சள் விளக்கு, மேசை, இரண்டு நாற்காலி, வாசல் ஓரம் அக்காவின் பை. நடுவில் ஒருவரும் இல்லை. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, விளக்கொளியில் ஈரமாக மினுங்கின. முன்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல், ஒன்றுகூடத் தேயாமல், ஒன்றுகூடக் கட்டாமல், பன்னிரண்டு வருடத்தில் அவன் பார்த்ததிலேயே குறையில்லாத பற்கள். அவனை நோக்கி, அகலமாக, அவசரமில்லாமல், வாய் திறந்தே நின்றது.