மரகதத்தின் டைமிங் செயின்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, செவ்வாய்க் குடியிருப்பில் எல்லாருக்கும் வீட்டுப் பேச்சு வரும். நாச்சிமுத்துவுக்கும் வந்தது. காதுப் பொத்தானை அழுத்தியதும் வழக்கம்போல முதலில் சல்லடைதான் பேசியது.

"வணக்கம். தாராபுரத்திலிருந்து உங்கள் மனைவி மரகதம் நாற்பது வாக்கியங்கள் பேசினார். உணவு பற்றிய விசாரிப்புகள், நீக்கப்பட்டன. உடல்நலம் பற்றிய அறிவுரைகள், நீக்கப்பட்டன. பொருளற்ற இழுவைகள், நீக்கப்பட்டன. புதிய செய்தி உள்ளவை இரண்டு. கேட்கிறீர்களா?"

கேட்டான். "மோட்டார் ரூமுக்கு ஓடு மாத்தியாச்சுங்க. எங்க தம்பிக்குப் பொண்ணு பாத்தாச்சுங்க." அதோடு முடிந்தது.

பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே இருந்த விண்தடம் ஆராய்ச்சித் தகவல்களுக்கே போதவில்லை. அதனால் வீட்டுப் பேச்செல்லாம் பூமியிலேயே பேச்சுச் சல்லடையில் விழுந்து, புதிதாக ஏதாவது சொல்லும் வாக்கியம் மட்டும் கிளம்பி வரும். சல்லடை நேர்மையான இயந்திரம், யாருக்கும் ஓரவஞ்சனை செய்யாது. ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில் புதுச்செய்தி எவ்வளவு இருந்துவிடப் போகிறது? கல்யாணமான எட்டாவது மாதத்தில் செவ்வாய்க்கு வந்தவன் நாச்சிமுத்து. அவனுக்கு ஓடும் வேண்டாம், மச்சினனுக்குப் பார்த்த பெண்ணும் வேண்டாம். அவள் "சாப்டீங்ளா" என்று கேட்பதை ஒருமுறை கேட்டால் போதும் என்றிருந்தது.

சல்லடை கைவைக்காத சரக்கு ஒன்று உண்டு. அதன் பெயர் பழுதொலி. கெட்டுப்போன இயந்திரத்தின் சத்தத்தில் துளி குறைந்தாலும் பழுதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் அதை அப்படியே விடவேண்டும் என்று விதி. துளைப்பு இயந்திரங்களை மனத்தில் வைத்து எழுதிய விதிதான். எந்தக் கோளில் ஓடும் இயந்திரம் என்று எழுத மறந்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் அப்படி ஒன்று வந்தது. "வண்டீல என்னமோ சத்தம் வருதுங்க. கேட்டுச் சொல்லுங்க" என்றாள் மரகதம். காற்றாலைகளைப் பராமரிக்கும் வேலை அவளுக்கு. தினமும் அவளைச் சுமந்து போவது கரும்புச் சாராயத்தில் ஓடும்படி மாற்றிய பழைய மோட்டார் சைக்கிள். நாச்சிமுத்துவின் பிழைப்பே துளைப்பு இயந்திரங்களின் சத்தத்தைக் கேட்டுப் பழுது சொல்வதுதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். வண்டியை நிறுத்தியபடியே இன்ஜினை ஓடவிட்டிருந்தாள். முறுக்கிவிட்டுக் கையை எடுத்ததும், டப்பாவில் புளியங்கொட்டை போட்டுக் குலுக்கியதுபோல இடப்பக்கத்தில் சலசலவென்று கேட்டது. இன்ஜினுக்குள் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் தேய்ந்து நீண்டுவிட்டது. அதை இழுத்துப் பிடிக்க வேண்டிய டென்ஷனரும் இனி இழுக்க இடமில்லாமல் நிற்கிறது. இதைச் சொல்ல அவனுக்கு ஒரு மூச்சுகூட ஆகவில்லை.

அடுத்த மூச்சில் வேறொன்று கேட்டது. இன்ஜினுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. காக்கை ஒன்று கத்தியது. ஹேண்டில்பாரில் வளையல் இடித்தது. மரகதம் தொண்டையைச் செருமிக்கொண்டாள். நாச்சிமுத்து அழுதுவிட்டான்.

பழுது இன்னதென்று சொல்லிவிட்டால் சல்லடை புகாரை மூடிவிடும், அப்புறம் மறுபடியும் ஓடும் பெண்ணும்தான். அதனால் கூசாமல் பொய் சொன்னான். "சரியா புடிபடல மரகதம். வால்வு டேப்பெட்டா இருக்கும். அட்ஜஸ்ட் பண்ணிட்டு மறுக்கா அனுப்பு. வண்டிய அடுப்படி ஜன்னலோரம் நிறுத்திக்க."

டேப்பெட்டைச் சரிசெய்து அனுப்பினாள். சத்தம் போன மாதத்தைவிடக் கூடியிருந்தது. இந்தமுறை கடுகு பொரிந்தது, அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். கேட்கக் கேட்கச் சுகமாக இருந்தது. ஆனால் அந்தச் செயின் ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும், இன்ஜின் இறுகும், காற்றாலைச் சாலையில் போகிறபோதே சக்கரம் நின்றுவிடும். தன் காதுக்கு விருந்து வேண்டும் என்று அவளைக் கீழே தள்ளிவிடப் போகிறோம் என்று பதறினான். மறுநாளே அவசரச் செய்தி அனுப்பினான்.

"டைமிங் செயினத்தான் மாத்தோணும். டென்ஷனரையும் சேத்து மாத்திடு. அதுவரைக்கும் வண்டிய எடுக்கவே எடுக்காத."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தான். அடுத்த மாதம் மரகதம் பேசினாள். "ரெண்டையும் மாத்தீட்டனுங்க. ஆனா சத்தம் போகலீங்க." கூடவே பழுதொலி வந்தது.

முதலில் குழம்பினான். புதுச் செயின் சலசலக்காது. பழைய செயினாகவே இருந்தாலும் ஒரு மாத ஓட்டத்துக்குச் சத்தம் கொஞ்சமாவது வளர்ந்திருக்க வேண்டும். இது போன மாதம் கேட்ட அதே சலசலப்பு, நூல் பிசகவில்லை. மூன்றாம் முறை கேட்டபோதுதான் விளங்கியது. செயினை மாற்றிவிட்டு, பழைய சத்தத்தை அடுப்படியில் ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, பக்கத்தில் நின்று பதிவுசெய்து அனுப்பியிருக்கிறாள்! சாப்பாட்டுக்கூடம் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான். "அடி கள்ளி" என்று வாய்விட்டே சொன்னான்.

பதிலை மட்டும் மிகுந்த கவலையோடு சொன்னான். "கிளட்ச் பக்கம் பாரு."

"பாத்தனுங்க. போகலீங்க."

"பிஸ்டன் தட்டுதோ என்னமோ."

"அதுவும் இல்லீங்களாமா."

மாதங்கள் இப்படியே ஓடின. அந்த இன்ஜினில் அவர்கள் சந்தேகப்படாத நட்டு ஒன்று பாக்கியில்லை. புளியங்கொட்டைச் சத்தத்துக்குப் பின்னால் அவன் வீடு நடந்துகொண்டிருந்தது. குழாய் ஓடியது, மழை பெய்தது. ஒருமுறை ஒன்றுமே செய்யாமல் மூச்சுவிட்டபடி அவள் நின்றிருந்தாள். அதைத்தான் அவன் அதிகம் கேட்டான்.

பிறகு சல்லடைக்குப் புதிய அறிவு ஏற்றினார்கள்.

"இம்முறை வந்த பழுதொலி, முன்பு வந்ததை ஒத்திருக்கிறது. ஒரே பழுதை இருமுறை கேட்கத் தேவையில்லை. ஆகவே இன்ஜின் சத்தம் நீக்கப்பட்டது. மிச்சம் உள்ளது இது."

இன்ஜின் இல்லாத அடுப்படி துல்லியமாகக் கேட்டது. அதில், இன்ஜின் சத்தத்துக்கு அடியில் இத்தனை மாதமும் ஒளிந்திருந்த குரல், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் குனிந்து மெதுவாகப் பேசும் குரல், முதன்முறையாக வெளியே வந்தது.

"சாப்டீங்ளா? ராத்திரியில முழிச்சுட்டு இருக்காதீங்க. உடம்பப் பாத்துக்கங்க. வேறென்னங்க... சாப்டீங்ளா?"

"இதில் புதிய செய்தி எதுவும் இல்லை" என்றது சல்லடை. "போலிப் பழுது என்று மேலிடத்துக்குத் தெரிவித்துவிட்டேன்."

வேலை போய்விடும் என்றார்கள். பாதிச் சம்பளத்தோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றும் பேச்சிருந்தது. விசாரணைக் குழு ஒரு வேலை செய்தது. குடியிருப்பில் யார் யாருக்கெல்லாம் பழுதொலி வருகிறதோ அத்தனையிலும் இயந்திரச் சத்தத்தை நீக்கிக் கேட்டது. ஒருவன் வீட்டு கிரைண்டருக்கு அடியில் அம்மா பேசினாள். ஒருத்தி வீட்டு மின்விசிறிக்கு அடியில் குழந்தை ஒன்று, இரண்டு எண்ணியது. குழுத் தலைவியின் வீட்டு மிக்ஸியே மூன்று வருடமாகப் பழுதாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, யாருக்கும் தண்டனை இல்லை, விண்தடத்தைத்தான் அகலமாக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். வருடம் திரும்புவதற்குள் அகலமான புதிய விண்தடம் வந்தது. சல்லடையை எடுத்துவிட்டார்கள். படமும் குரலும் நாள் முழுக்க, எவ்வளவு வேண்டுமானாலும்.

முதல்நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து இருவரும் அழுதார்கள். ஒரு வார்த்தை போய்ச்சேரப் பத்து நிமிடம் ஆனாலும் ஒரு வாரம் ஓயாமல் பேசினார்கள். "சாப்டீங்ளா" என்று அவள் ஆசை தீரக் கேட்டாள், அவனும் ஆசை தீரச் சாப்பிட்டேன் என்றான். இரண்டாம் வாரம் "வேறென்ன?" என்றான். "வேறொண்ணுமில்லீங்க" என்றாள். அப்புறம் அவளுக்கு வேலை இருந்தது, இவனுக்கும் இருந்தது. எப்போது வேண்டுமானாலும் பேசலாம் என்பதால் சாயங்காலம் பேசலாம் என்று விட்டார்கள், நாளைக்குப் பேசலாம் என்று விட்டார்கள்.

ஒருநாள் மனசு கேட்காமல் கேட்டுப் பார்த்தான். "மரகதம், வண்டீல சத்தம் கித்தம் ஏதாச்சும் வருதா?"

பதில் வர அரைநாள் ஆனது. "இல்லீங்க. நல்லா ஓடுது."

மறுநாள் காலை விண்தடத்தில் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. பனித்துளி நிற்கும் சிவப்பு ரோஜா, அதன்மேல் தங்க எழுத்தில் 'இனிய காலை வணக்கம்'. அதற்கடுத்த நாளும் ஒரு ரோஜா வந்தது. பக்கத்துக் கட்டில்காரனுக்கும் அவன் வீட்டிலிருந்து அதே ரோஜாதான் வந்திருந்தது.

நாச்சிமுத்து கைகூப்பிய படம் ஒன்றைத் தேடி எடுத்து அனுப்பினான். ஒரு கோளிலிருந்து இன்னொரு கோளுக்கு, ஒரு புள்ளிகூடக் குறையாமல் அது மரகதத்திடம் போய்ச் சேர்ந்தது.