கை மாறாத பொறி

“சம்பளமா குடுக்குறாங்க? நான் பெத்த பிள்ளைய வாரிக் குடுத்த இடத்துக்கே மறுபடியும் போறியே, உனக்கென்னடி பைத்தியமா?”

அம்மா கத்திக்கொண்டிருக்கும்போதே போக்னா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வார்சாவில் பேருந்து ஏறிவிட்டாள்.

மசூரிய ஏரிக்கரையில் சாரணியர் கோடை முகாம். சம்பளக்காரர் யாரும் கிடையாது. பெரிய பெண்கள் விடுப்புப் போட்டு வந்து சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள். போன வருடம் போக்னாவோடு தங்கை கலினாவும் வந்திருந்தாள். பதினோரு வயது, சரியான வாயாடி.

கடைசி மாலை வட்டம் கட்டி நிற்பது வழக்கம். கைகளைக் கோத்து, ஒருத்தி பக்கத்துக் கையை ஒரு முறை அழுத்துவாள். அந்தப் ‘பொறி’ கை மாறிக் கை மாறிச் சுற்றி வரும். அனுப்பியவள் ‘வந்துடுச்சு’ என்றால்தான் வட்டம் கலையும். கலினா மட்டும் இரண்டு முறை அழுத்துவாள். சாலை கடக்கும்போது அம்மாவின் கையையும் அப்படித்தான் அழுத்துவாள். திட்டினால் சிரிப்பாள்.

போன வருடம் வட்டத்தின் பாதியில் மழை பிடித்துக்கொண்டது. “ஓடுங்கடி கூடாரத்துக்கு!” என்று போக்னா கத்தினாள்.

“அக்கா, பொறி எங்கிட்ட இருக்கு!” என்றாள் கலினா.

“நாளைக்குக் குடுடி, வாலு!”

மறுநாள் காலை குளிக்கப் போன கலினாவை ஏரி கொண்டுபோய்விட்டது. பாவி மகள் போக்னா, ‘இப்பவே குடு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்தப் பொறியை வாங்கிக்கொண்டு தங்கையை வழியனுப்பத்தான் இப்போது வந்திருக்கிறாள்.

இந்த வருடத்தின் கடைசி மாலை. பைன் மரங்களுக்குள் வெளிச்சம் மங்கியது. சுட்ட உருளைக்கிழங்கு வாசனை அடங்கி, சேற்று வாடை எழுந்தது. போக்னா ஒரு பக்கத்துக் கையை அழுத்தி அனுப்பினாள். மறுபக்கம், முதல் முறை வந்திருக்கும் குட்டி யாகோதா.

தவளைச் சத்தம் சட்டென்று நின்றது.

யாகோதா பக்கத்துக் கை சில்லிட்டது. ஈரமாக இருந்தது.

ஒரு அழுத்தல். உடனே இன்னொன்று.

போக்னா திரும்பவில்லை. பேய் என்ற பயமில்லை. பார்த்தால் போய்விடுவாளோ என்ற பயம்.

“அக்கா, பொறி வரலையா? கொசு புடுங்குது,” என்று யாரோ ஒருத்தி கிசுகிசுத்தாள்.

வந்துவிட்டது என்றால் கையை விட வேண்டுமே.

“இன்னும் வரலடா.”

யாகோதா விசும்பினாள். “நான் அப்பவே குடுத்துட்டேன். நமக்கு நடுவுல நிக்கிற பொண்ணுகிட்ட. அவ கை ரொம்பக் குளிருதுக்கா, விடச் சொல்லுங்க...”

அழுகிற பிள்ளையை அப்படியே விட்டுவிட முடியுமா?

“பொறி வந்துடுச்சு,” என்றாள்.

எல்லாக் கைகளும் பிரிந்தன. பிள்ளைகள் ஓடினார்கள். போக்னா விரல்களை விரித்தாள். ஏரித் தண்ணீர் சொட்டியது.

விரித்த பிறகும் அந்தப் பிடி இருந்தது.

மறுநாள் வீட்டில் அம்மா கதவைத் திறந்தாள். கோபம் மாறவில்லை. போக்னா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாவின் முகம் உடைந்தது. “ஏண்டி, அவள மாதிரியே ரெண்டு தடவை அழுத்துற?”

போக்னா விரலைக்கூட அசைக்கவில்லை.