டெல்ஃபின் கேட்ட சாட்சி

செல்போன் அலறியது.

டெல்ஃபின் திடுக்கிட்டான். திரையில் சார்ஜென்ட் டுமாலாவின் பெயர். மறுபடியும்! எடுக்காமல் விட்டால் வம்பு.

"சொல்லுங்க சார்..."

"எங்கய்யா இருக்கே? உன் பார்ட்னர் லியோன்சியோ இங்க பிணமா கிடக்கான். நீ ஊர் சுத்தறியா?"

"லேப்டாப்பை வாங்கத்தான் சார் வந்திருக்கேன். ரிப்பேர்ல இருக்குன்னு காலையில சொன்னேனே..."

"பேக்கரி கேமரா அதுலதானே பதிவாகுது?"

"ஆமா சார். ஆனா அது ரெண்டு நாளா ஓடலை. நேத்து ஒண்ணும் பதிவாயிருக்காது."

"அதை நாங்க பாத்துக்கறோம். அஞ்சு மணிக்குள்ள ஸ்டேஷனுக்கு வர்றே. வரலே... நான் அங்க வருவேன்!"

லைன் செத்தது.

டெல்ஃபின் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். அவன் சொன்னது அத்தனையும் பொய். லேப்டாப் ரிப்பேருக்குப் போகவே இல்லை. அவன் தோளில் தொங்கிய பையில்தான் இருந்தது.

நேற்று கடை மூடியதும் லியோன்சியோ சொன்னது இரண்டே வாக்கியம். 'நாளையிலேர்ந்து நீ வராதே. என் மச்சானை வெச்சுக்கறேன்.'

அப்போது டெல்ஃபின் கையில் இருந்தது மாவு தேய்க்கும் கட்டை!

அந்தத் தள்ளுமுள்ளில் மேஜையிலிருந்த லேப்டாப்பும் கீழே விழுந்தது. எல்லாம் முடிந்தபிறகு, பதிவை அழிக்கலாம் என்று உட்கார்ந்தால்... கறுப்புத் திரை. நடுவில் வெள்ளையாய் ஒரே ஒரு வரி. சிஸ்டத்தைக் காணவில்லையாம்!

ஆற்றில் வீசியிருக்கலாம். ஆனால் பேக்கரியில் கேமரா இருப்பது தெருவுக்கே தெரியும். லேப்டாப் காணாமல் போனால், கடைச் சாவி வைத்திருக்கும் இன்னொரு ஆளைத்தான் முதலில் உலுக்குவார்கள். அப்படியே கொடுத்தாலும் போலீஸில் எவனாவது திறந்துவிடுவான். அதற்கு முன்னால் இவன் திறக்க வேண்டும். அந்த ஒரு பதிவை மட்டும் அழிக்க வேண்டும். இல்லையென்றால் மிச்ச ஆயுள் முழுக்கக் கம்பிக்குப் பின்னால்தான்.

கில்மோர் தெரு. வரிசையாகக் கம்ப்யூட்டர் கடைகள். செப்டம்பர்தான் பிறந்திருக்கிறது, அதற்குள் ஒவ்வொரு கடையிலும் கிறிஸ்துமஸ் பாட்டு.

'மாரிவிக் கம்ப்யூட்டர் சர்வீஸ்' வாசலில் நீளமான க்யூ. ஆளுக்கொரு லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். தலைக்கு மேலே ஒரு பெரிய டிவி. அதில் யாருடைய கைகளோ ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருந்தன. இதையெல்லாமா டிவியில் போடுகிறார்கள் என்று நினைத்தபடி, டெல்ஃபின் க்யூவைத் தாண்டி நடந்தான்.

"ஹலோ! நாங்கல்லாம் என்ன பொம்மையா?" சிவப்புச் சட்டைக்காரி ஒருத்தி கத்தினாள்.

"போலீஸ் விஷயம். அவசரம்."

"எனக்கும்தான் அவசரம். கல்யாண போட்டோ மொத்தமும் இதுக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு!"

"அப்ப இன்னொரு கல்யாணம் பண்ணிக்க!"

வாசலில் நின்ற செக்யூரிட்டி ரூடிங் துப்பாக்கியை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு முறைத்தார். "க்யூவில வாங்க அண்ணே."

டெல்ஃபின் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டான். பின்னாலேயே வசவுகள் பறந்து வந்தன.

தடுப்புப் பலகைக்குப் பின்னால் மாரிவிக் உட்கார்ந்திருந்தாள். கடையின் சொந்தக்காரி. நாற்பது வயது, வாய்க்கு மட்டும் வயதே கிடையாது. மேஜைக்கு மேலே ஒரு வட்ட விளக்கு பளீரென்று எரிந்தது.

"உன் நம்பர் என்ன?"

"நம்பர் இல்லே. அஞ்சு மணிக்கு இது ஸ்டேஷன்ல இருக்கணும். சார்ஜென்ட்கிட்ட பேசறீங்களா? போன் போடவா?"

போலீஸ் என்றதும் மாரிவிக் வேண்டாவெறுப்பாகக் கையை நீட்டினாள். "குடு. என்ன கோளாறு?"

"சிஸ்டம் ஏறலை."

"கீழே போட்டியா?"

"இல்லே."

"மூலை நசுங்கியிருக்கே? தானா போய் சுவத்துல முட்டிக்கிச்சா?"

"பேச்சைக் குறைச்சிட்டு வேலையைப் பாருங்க. உங்க ஆளுங்களைப் பத்தி எனக்குத் தெரியும். நல்ல பார்ட்டை உருவிட்டு ஓட்டையை மாட்டி அனுப்புவீங்க. திருட்டுக் கும்பல்!"

மாரிவிக்கின் கை நின்றது.

"என்ன சொன்னே?"

"எதையும் மாத்தலைன்னு எனக்கு சாட்சி வேணும். இது இந்த மேஜையை விட்டு என் கைக்கு வர்ற வரைக்கும் சாட்சி வேணும்!"

"உன்னை மாதிரி ஆளுங்களுக்காகவே ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கேன். சாட்சி இல்லாம இங்க ஒரு ஸ்க்ரூ கூடக் கழட்டறதில்லே. போதுமா?"

"இந்த விளக்கு கண்ணைக் குத்துது. அணைங்க."

"அதுல கை வெச்சே, ரூடிங்கைக் கூப்பிடுவேன்!"

அவள் பட்டனை அழுத்தினாள். கறுப்புத் திரை. அதே வெள்ளை வரி.

இன்னொரு பட்டனைத் தட்டிச் செட்டிங்குக்குள் போய்ப் பார்த்தாள். ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"டிஸ்க் இருக்கறதே இதுக்குத் தெரியலை."

டெல்ஃபின் மேஜைக்கு மேல் குனிந்தான். "செத்துப்போச்சா?"

"தொறந்தாத்தான் தெரியும். வேணும்னா புது டிஸ்க் போட்டு, புதுசா சிஸ்டம் ஏத்தித் தரேன். நிம்மதி."

"வேண்டாம்! பழசு அப்படியே வேணும்!"

காலி டிஸ்க்கோடு போய் நின்றால் டுமாலாவ் கழுத்தைப் பிடிப்பான். ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மாரிவிக் அடிமூடியைத் தூக்கி, குனிந்து பார்த்துச் சிரித்தாள்.

"விழுந்த வேகத்துல டிஸ்க் சாக்கெட்லேர்ந்து நகர்ந்திருக்கு. எப்ப விழுந்துச்சு?"

"ரெ... ரெண்டு நாளைக்கு முன்னாடி இருக்கும்."

டிஸ்க்கை வெளியே எடுத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரோஸ் கலர் ரப்பரால் அதன் பித்தளை முனைகளைத் தேய்த்தாள். ஊதினாள். மறுபடியும் பொருத்தி அழுத்தினாள்.

டக்!

பட்டன். கறுப்பு... கறுப்பு... கறுப்பு...

டெல்ஃபின் மூச்சை மறந்தான்.

பிறகு திரையில் ஒரு சின்ன வட்டம் சுழல ஆரம்பித்தது!

"ஏறுது... ஏறுது!" தன்னை மறந்து கத்திவிட்டான்.

"பிரசவ வார்டா இது? கத்தாதே!"

பாஸ்வேர்ட் கேட்டது. அவனே தட்டினான். பேக்கரியின் பெயர்தான். திரை முழுக்க லியோன்சியோவின் குடும்பப் படம் விரிந்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

"நீங்க கொஞ்சம் வெளிய போங்க."

"என் கடையிலேர்ந்து என்னையேவா?"

"சொந்த விஷயம் ஒண்ணு இருக்கு. அழிக்கணும்."

மாரிவிக் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஓ... அந்த மாதிரி வீடியோவா! கருமம். சீக்கிரம் முடி. நான் துரோன் சாப்பிடப் போறேன்."

எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். மேலே விளக்கைப் பார்த்தாள்.

"சீக்கிரம் போங்க, திருட்டுக் கும்பல்!" என்றான் அவன்.

அவள் வாயை மூடிக்கொண்டு, வாழைப்பழத்தைச் சுருட்டிப் பொரித்த துரோன் விற்பவனைத் தேடி வெளியே போனாள்.

டெல்ஃபின் பாய்ந்தான். கேமரா போல்டர். எல்லாம் வெறும் நம்பர்கள். எது நேற்றையது? ஒன்றைத் திறந்தான். காலியான பேக்கரி. அடுத்தது. ரொட்டி அடுக்கும் பையன்கள். அதற்கடுத்தது...

அதுதான்!

லியோன்சியோ கை நீட்டிப் பேசுகிறான். இவன் கட்டையை ஓங்குகிறான். ஒரு முறை. இன்னொரு முறை.

முகம் தெரிகிறதா? முழுசாய்ப் பார்த்தான். தெரிந்தது... பாஸ்போர்ட் போட்டோ மாதிரி தெளிவாய்!

அழித்தான். குப்பைத் தொட்டியையும் காலி செய்தான். லேப்டாப்பைப் பைக்குள் போட்டு, கிறிஸ்துமஸ் பாட்டுக்கு விசிலடித்தபடி தடுப்பைத் தாண்டினான்.

வெளியே சத்தமே இல்லை.

அத்தனை வசவு பொழிந்த க்யூ வாயடைத்து நின்றது. யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் தலைக்கு மேலே இருந்தது. மாரிவிக்கின் கையில் துரோன் பாதி கடித்தபடி இருந்தது.

டெல்ஃபினும் நிமிர்ந்து பார்த்தான்.

டிவியில் ஒரு காலி மேஜை. அதன்மேல் ஒரு திருப்புளி. பக்கத்தில்...

ரோஸ் கலர் ரப்பர்!

அந்த வட்ட விளக்கு! அதன் நடுவில் இருந்தது...

"கேமராதான்," என்றாள் மாரிவிக். "பார்ட்டைத் திருடறோம்னு சொல்றவங்களுக்காக வெச்சது. உள்ள நடக்கற வேலையை க்யூவில நிக்கறவங்க இங்கேர்ந்து பாக்கலாம். சொல்லிட்டுப் போகலாம்னுதான் வாயைத் தொறந்தேன்... நீ மறுபடியும் திருட்டுக் கும்பல்னே. உன் அசிங்கத்தை ஊரே பாக்கட்டும்னு விட்டுட்டேன். ஆனா... அடப்பாவி!"

"அது... அது ஏதோ சினிமா..."

"எங்க தெருவுக்கு ரொட்டி வர்றதே அந்த பேக்கரியிலேர்ந்துதான்டா!" சிவப்புச் சட்டைக்காரி அழுதாள். "லியோன்சியோ அண்ணனை எனக்குத் தெரியாதா?"

"நீ அழிச்சது வரைக்கும் எல்லாமே என்கிட்ட பதிவாயிருக்கு," என்றாள் மாரிவிக்.

டெல்ஃபின் ஓடப் பார்த்தான். ரூடிங்கின் துப்பாக்கி குறுக்கே நீண்டது. க்யூ உடைந்து அவனைச் சுற்றி வட்டமாய் இறுகியது.

பாக்கெட்டில் செல்போன் அலறியது. டுமாலாவ்!

மாரிவிக் அதை உருவி எடுத்துக் காதில் வைத்தாள். "சார், உங்க ஆள் இங்கதான் இருக்கான். லேப்டாப் சரியாயிடுச்சு. நீங்களே வந்துடுங்க."

டெல்ஃபின் தரையில் சரிந்தான். ரூடிங் அவன் காதருகே குனிந்தார்.

"கவலைப்படாதீங்க அண்ணே... ஸ்டேஷன்ல நீங்கதான் முதல் ஆளு. அங்க உங்களுக்கு க்யூவே கிடையாது!"